யாரும் ஒன்றும் சொல்லாத ஊரில்

கேள்வி கேட்டவர் குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்து கிராமம் ஒன்றைச் சேர்ந்த பெண். அவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: அப்பாவுக்குத் தொழுநோய் வந்தது, ஆறு வருடங்களுக்கு முன்பு சிகிச்சை முடிந்து குணமாகிவிட்டது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. ஊரில் யாரும் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அப்பா வெளியே போவதை நிறுத்திவிட்டார். தங்கைக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் காரணம் சொல்லாமலே நின்றுபோயின. ‘திட்டாத, அடிக்காத ஊரில் முன்முடிவு அப்படி என்ன கெடுதல் செய்துவிடும், நாங்கள்தான் பெரிதுபடுத்துகிறோமா?’ என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: அந்தப் பெண்ணின் முழங்கைக்குக் கீழே நான்கைந்து மாதமாக ஒரு வெளிறிய தேமல் இருக்கிறதாம், ஊருக்குத் தெரியாமல் திருவனந்தபுரத்தில் போய்க் காட்டலாமா என்று.

இவை இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. முதல் கேள்விக்கான விடை அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு இந்த நோய் வந்தது உங்களுக்குத் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இருந்தும் நான்கைந்து மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, இப்போது கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிப் போகலாமா என்று யோசிக்கிறீர்கள். உங்களை யாரும் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. அத்தனை மாதம் எங்கே போனது? நீங்கள் கேட்ட கெடுதல் அதுதான்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபி படித்து, இந்த மாவட்டத்தில் தொழுநோயாளிகளின் கை கால்களோடு மல்லுக்கட்டியே பணிக்காலத்தைக் கழித்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். டாக்டர் அல்ல. உங்கள் தேமல் என்ன என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நேரில் பார்த்தாலும் முடிவு டாக்டருடையதுதான். சமூகவியலும் படித்ததில்லை. ஒரு விரல் ஏன் மடங்குகிறது, எப்போது வந்திருந்தால் அது நிமிர்ந்திருக்கும் என்பது தெரியும். ஊரின் முன்முடிவை நான் பார்த்ததெல்லாம் அந்த விரல் வழியாகத்தான். கீழே வருகிறவர்களின் ஊர், வயது, உறவு ஆகியவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. இது பாவத்தாலோ சாபத்தாலோ வருவதல்ல, பரம்பரையாக இறங்குவதும் அல்ல. ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமியை நார்வேயைச் சேர்ந்த ஹான்சன் 1873-இல் கண்டார். மனிதரைத் தாக்கும் கிருமிகளில் இவ்வளவு மெதுவாகப் பெருகுவது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். உடலில் புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக ஐந்து வருடம் ஆகும், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகும். சிகிச்சை பெறாத ஒருவருடன் நீண்ட காலம் நெருங்கிப் பழகும்போது மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் தெறிக்கும் நுண்துளிகளால் பரவுகிறது. கை குலுக்கினால், ஒரே பந்தியில் சாப்பிட்டால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது. கிருமி போய்ச் சேர்ந்தாலும் பெரும்பாலானவர்களின் உடல் அதைத் தானாகவே எதிர்த்துவிடும். கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களின் தொடக்கத்தில் வந்தது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம், மாத்திரைகள் முழுக்க இலவசம். அதில் ஒரு மருந்தான ரிஃபாம்பிசின் முதல் வேளையிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பகுதியை முடக்கிவிடும். சிகிச்சை தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடுகிறது. ஆறு வருடத்துக்கு முன் சிகிச்சையை முடித்த உங்கள் அப்பாவிடமிருந்து யாருக்கும் எதுவும் வராது. மடங்கிய விரல்களைப் பார்த்து நோய் இன்னும் இருக்கிறது என்று நினைப்பது, அம்மைத் தழும்பைப் பார்த்து அம்மை இருக்கிறது என்று நினைப்பதற்குச் சமம்.

அப்படியானால் விரல் ஏன் மடங்கியது? இந்தக் கிருமி தோலோடு நிற்பதில்லை, நரம்புக்குள்ளும் போகிறது. முழங்கையின் உட்புறம், எலும்புக்குப் பின்னால் ஒரு நரம்பு ஓடுகிறது. எதிலாவது இடித்தால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று இழுக்குமே, அதேதான். அது வீங்கித் தளர்ந்தால் முதலில் சுண்டுவிரலில் உணர்ச்சி குறையும், பிறகு பலம் குறையும், அதன்பின் இரண்டு விரல்களும் மடங்கத் தொடங்கும். இது ஓர் இரவில் நடப்பதில்லை. நரம்பு தளரத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்து ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் பலருக்கு நரம்பு மீண்டுவிடும். அதற்கு மேல் போனால் மீள்வது குறைந்துகொண்டே வரும். அந்த ஆறு மாதத்தில்தான் ஊரும் உள்ளே வருகிறது.

பரிசோதனையை ஒருமுறை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நோயாளியின் கையை மேசையில் மல்லாத்தி வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பால்பாயிண்ட் பேனாவின் முனையால் அங்கங்கே மெல்லத் தொடுவோம். தொட்ட இடத்தை மறுகை விரலால் அவர் சுட்டிக் காட்ட வேண்டும். உள்ளங்கை நடுவில் தொட்டால் சரியாகக் காட்டுவார், பெருவிரலிலும் காட்டுவார். சுண்டுவிரல் பக்கம் தொடும்போது கை நகராது. ‘தொட்டீர்களா?’ என்றுகூடக் கேட்க மாட்டார், தொட்டதே தெரியாதல்லவா? பக்கத்தில் நிற்கும் மனைவிக்குத்தான் முகம் மாறும். பிறகு நான் வழக்கமான கேள்வியைக் கேட்பேன்: எத்தனை நாளாக? பெரும்பாலும் ‘போன வாரம்தான்’ என்பார்கள். விரலின் நிலையைப் பார்த்தாலே பல மாதங்கள் ஆகியிருப்பது தெரியும். கொஞ்ச நேரம் போனால் உண்மை வரும். மகளின் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். கோவில் கொடை முடியட்டும் என்று இருந்தேன். புதிய வீட்டுக்குப் பால்காய்ச்சு முடியட்டும் என்று இருந்தேன். ஊர் கூடும் நிகழ்ச்சிகள்தான் எல்லாமே.

இங்கே ஒரு வட்டம் உருவாகிறது, அதைக் கவனியுங்கள். விரல் மடங்கும் நோய் என்பதால் ஊர் பயப்படுகிறது. ஊர் பயப்படுவதால் நோயாளி மறைக்கிறார். மறைப்பதால் விரல் மடங்குகிறது. மடங்கிய விரலைப் பார்த்து ஊர், ‘நாம் பயந்தது சரிதான்’ என்கிறது. தொடக்கத்திலேயே வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, ஒரு அடையாளமும் இல்லாமல் குணமானவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் உண்டு. அவர்களை உங்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்வதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. ஊர் கண்ணால் பார்ப்பது தாமதமாக வந்தவர்களை மட்டும்தான். நோயைப் பற்றி ஊருக்கு இருக்கும் அறிவு முழுவதும் அவர்களைப் பார்த்து உண்டானது. ஊர்க்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சியில் அவர்களுடைய பங்கும் இருக்கிறது.

நகரத்தில் இது வேறு மாதிரி நடக்கும். சென்னையில் மருத்துவமனையில் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. குமரி மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, ஒரு சதுர கிலோமீட்டரில் 1,111 பேர் வசிக்கிறார்கள். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியாது. ஆனால் ஊரில் இருப்பவருக்கு எந்த விளை யாருடையது, யார் எந்தச் சபை, யார் எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள் என்பது அத்துப்படி. ஆபத்தில் ஓடி வருவதும் அந்த ஊர்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே யாரும் தெரியாத ஆளாக இருக்க முடியாது. நாங்கள் வேலை செய்த காலத்தில் நோயாளிகள் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்க மாட்டார்கள். ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வருவார்கள். காலில் உணர்ச்சி இல்லாமல், அடிப்பாதத்தில் புண்ணோடு இருப்பவருக்கு அந்த நடை என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். வலிக்காது என்பதால் முழு எடையையும் அந்தப் புண்ணின் மேலேயே ஊன்றி நடப்பார். புண்ணைக் கழுவிக் கட்டி அனுப்புவோம். திரும்பிப் போகும்போதும் அதே தூரம் நடப்பார். பஸ்ஸில் யாரும் அவரை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற நினைப்பே புண்ணை எலும்பு வரைக்கும் கொண்டுபோனது.

விரல்கள் உதிர்ந்து விழும் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. உதிர்வதில்லை. உணர்ச்சியில்லாத விரலில் சூடு படும், வெட்டுப்படும், ஆளுக்குத் தெரியாது. புண் சீழ்பிடித்து எலும்பு கரைந்து விரல் குறுகும். இதைத் தெளிவாக நிறுவியதில் வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் பக்கத்தில் இதற்கு நான் கண்ட மோசமான இடம் அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை. முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் நல்ல கையையே பொசுக்கிவிடும். மேற்குப் பக்கத்தில் ஒரு பெண். வரிசையில் உட்கார்ந்து கொட்டை உடைப்பவர். அவருடைய ஆள்காட்டி விரல் பல நாளாகப் பொசுங்கிக்கொண்டிருந்தது. வலிக்காததால் வேகம் குறையவில்லை, கையில் கூலி கூடுதலாகத்தான் வந்தது. கையில் உணர்ச்சி இல்லை என்பது அவருக்குத் தெரியும். சொன்னால் வரிசையில் பக்கத்தில் இருப்பவள் பாயை எடுத்துத் தள்ளிப் போடுவாள் என்று பயந்தாராம். தள்ளிப் போட்டாளா என்று கேட்டேன். ‘அவளுக்குத் தெரியவே தெரியாதே’ என்றார். என்னிடம் வரும்போது நுனி எலும்பு வெளியே தெரிந்தது.

இப்போது உங்கள் அப்பா. நீங்கள் எழுதியதைப் படித்தபோது, கிட்டத்தட்ட அவரைப் போலவே ஒருவர் நினைவுக்கு வந்தார். கிறிஸ்தவ சபையில் வருடா வருடம் அசனம் என்கிற பொது விருந்து நடக்கும்போது தூக்குவாளியைப் பிடித்துச் சாம்பார் ஊற்றுவது அவர்தான். அது சின்ன வேலை என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். நம் ஊர்களில் அசனப் பந்தியில் யார் பரிமாறுகிறார் என்பது யார் ஊரில் நின்று பேசக்கூடிய ஆள் என்பதற்கு அடையாளம். சிகிச்சை முடிந்த வருடம் அவர் வழக்கம்போல வாளியை எடுக்கப் போனார். இளைஞன் ஒருவன் வந்து, மிகுந்த மரியாதையோடு, ‘அண்ணாச்சி, நீங்கள் எதற்குக் கஷ்டப்படுகிறீர்கள்? உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று வாளியை வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான். யாரிடம் போய் முறையிடுவது? அவன் சொன்னதில் தவறான ஒரு சொல்கூட இல்லை. உண்மையிலேயே அவர் கஷ்டப்படக்கூடாது என்று நினைத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. அவர் உட்கார்ந்தார், அடுத்த வருடம் பந்திக்கே வரவில்லை. அதற்கப்புறம் வெளியே வந்தால் இடது கையைத் துவர்த்துக்குள், அதாவது தோள்துண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் வருவார்.

அந்தத் துவர்த்துதான் எனக்கு எதிரி. நரம்பு தளர்ந்து மடங்கிய விரல், தொடக்கத்தில் மடங்கி நிற்குமே தவிர விறைத்திருக்காது. மறு கையால் நிமிர்த்தினால் நிமிரும். தினமும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவி, தொடையின் மேல் வைத்து மெல்ல நீவி நிமிர்த்த வேண்டும். இதைச் செய்கிறவரின் மூட்டு இளகியே இருக்கும். தசைநாரை மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை செய்தால் அந்தக் கை மறுபடி விரியும், கிண்ணம் பிடிக்கும். செய்யாமல் துணிக்குள் பொத்தி வைத்தால் மூட்டு இறுகிவிடும். இறுகியபின் அறுவை மருத்துவர் செய்யக்கூடியது குறைவு. அசனப் பந்தியில் வாளியை வாங்கிய இளைஞனுக்கும் இறுகிய மூட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்றால் அவன் நம்ப மாட்டான். நான் அந்த மூட்டைத் தொட்டுப் பார்த்தவன்.

ஊரைத் திட்டிவிட்டுப் போவது எனக்கு நோக்கம் அல்ல. வயதானவர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. அவர்கள் சிறுவயதில் நீரடிமுத்து எண்ணெயை விட்டால் வேறு வழியில்லை. 1940-களுக்குப் பிறகு வந்த டாப்சோனும் ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய மருந்து. 1838-இலிருந்தே நெய்யூரில் மிஷன் மருத்துவமனை இருந்தது. குளச்சலுக்கு அருகே உடையார்விளையில் தொழுநோய்க்கென்றே மருத்துவமனை வந்தது. இவ்வளவு அருகில் மருத்துவம் இருந்தும், வீட்டைவிட்டுப் போன பலர் திரும்பி வீட்டுக்கு வரவில்லை. அதைக் கண்ட பாட்டி பயப்படாமல் என்ன செய்வாள்? எனக்குக் கோபம் வருவது படித்தவர்கள் மேல். 2011-இல் எழுத்தறிவு 91.75 சதவீதம் என்று பெருமைப்படுகிற மாவட்டம் இது. இங்கே யாரும் ‘எனக்குப் பயம்’ என்று சொல்வதில்லை. ‘எனக்கு ஒன்றுமில்லை, ஊர் பேசுமே’ என்பார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒன்றுமில்லை, அவருடைய தங்கை ஏதாவது சொல்வாள். தங்கைக்கு ஒன்றுமில்லை, அவள் மாமியார் வீட்டில் கேட்பார்கள். இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் பயம் உள்ள ஆள் ஒருவரும் அகப்பட மாட்டார், ஆனால் சம்பந்தம் நின்றிருக்கும். ஒருமுறை திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் இதைச் சோதித்தே பார்த்தேன். சொந்தத்தில் ஆறேழு பேரைத் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோருக்கும் நோய் ஒட்டாது என்று தெரிந்திருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ‘மக்களே, நீ எனக்குச் சொல்ல வேண்டாம், அவர்களிடம் போய்ச் சொல்’ என்று அடுத்த அறையைக் காட்டினார் பாட்டி. அடுத்த அறையிலிருந்துதான் நான் வந்திருந்தேன்.

அரசுத் திட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. உணர்ச்சியற்ற காலுக்கு மென்ரப்பர் செருப்பு கொடுத்தோம். நல்ல செருப்பு, புண்ணைத் தடுக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அச்சில் வந்ததால் தெருவில் அதைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டவர்கள் உண்டு. பிறகு வெளியே சாதாரணச் செருப்பு போலத் தோன்றும்படி செய்யத் தொடங்கியபின் நிலைமை மாறியது. கூட்டு மருந்தில் ஒன்றான குளோஃபாசிமின் தோலைக் கறுக்கச் செய்யும். நிறுத்தியபின் சில மாதங்களில் பழைய நிறம் திரும்பிவிடும். பெண்கள் மருந்தைப் பாதியில் விட்டதற்கு இந்தக் கறுப்பு எவ்வளவோ முறை காரணமாக இருந்திருக்கிறது. கறுத்ததைவிட ‘ஏன் கறுத்தாய்?’ என்ற விசாரிப்புதான் அவர்களுக்குப் பெரிய தொல்லை. இப்போது நோயாளியோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு நோய் வராமல் தடுக்க ரிஃபாம்பிசின் ஒற்றை வேளை கொடுக்கிறார்கள். மருத்துவ ரீதியில் நல்ல ஏற்பாடு. ஆனால் சுகாதாரப் பணியாளர் நான்கு வீட்டில் மாத்திரை கொடுத்தால் ஐந்தாவது வீடு எது என்று ஊர் கணக்குப் போட்டுவிடும். அதனால்தான் நோயாளியின் சம்மதம் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களையும் கேட்பார்கள். வீட்டாருக்கு மட்டும் போதும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தியாவில் 1983-இல் பத்தாயிரம் பேருக்கு 57.8 என்ற அளவில் இருந்த நோய், 2005 இறுதியில் ஒன்றுக்கும் கீழே வந்தது. நோய் ஒழிந்தது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஒழியவில்லை, உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இன்றும் நம் நாட்டில்தான். சட்டம் நல்ல தூரம் வந்திருக்கிறது. ஏழை நோயாளிகளைப் பிடித்துத் தனியே அடைத்துவைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளிகள் சட்டம் 2016-இல் நீக்கப்பட்டது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவுகள் 2019-இல் எடுக்கப்பட்டன. அதுவரை கணவனுக்கோ மனைவிக்கோ இந்த நோய் இருப்பதைச் சொல்லி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கேட்க முடிந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் சட்டத்தின் வேகத்தில் ஊர் வராது என்பதை நம் மாவட்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் 1859-இல் திருவிதாங்கூர் அரசர் பிறப்பித்த உத்தரவே, மேலாடை போடலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் போடுவது போல அல்ல என்றுதான் சொன்னது. கொடுத்த அனுமதிக்குள்ளேயே கோடும் இருந்தது. அந்தக் கோட்டை அழிக்க இன்னும் எத்தனை காலம் ஆனது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இனி, எனக்கு உறுதியில்லாதவை. நின்றுபோன இரண்டு சம்பந்தங்களுக்கும் அப்பாவின் விரல்கள்தான் காரணமா? இருக்கலாம். நகை பேச்சில் நின்றிருக்கலாம்; வேறு இடம் அமைந்திருக்கலாம். இந்த மாவட்டத்தில் ஒரு குறையும் இல்லாத வீடுகளிலும் சம்பந்தம் பேசி நிற்கிறது. இங்கே முன்முடிவு செய்கிற இன்னொரு வேலையைக் கவனியுங்கள்: காரணம் தெரியாத எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று நம்மை நினைக்க வைத்துவிடும். கடைக்காரர் மீதிச் சில்லறையை மேசையில் வைத்தால், கையில் தராததற்கு அதுதான் காரணம். மைனி வரவில்லை என்றால் அதுதான் காரணம். பாதி உண்மையாக இருக்கலாம், பாதி நம் கற்பனையாக இருக்கலாம், எது எது என்று பிரிக்க வழியே இல்லை. நேரடியாகத் திட்டுகிறவரிடம் சண்டையாவது போடலாம். ‘பெரிதுபடுத்துகிறோமா?’ என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில்: சில சமயம் ஆமாம். அப்படிப் பெரிதுபடுத்தும் நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளுவதையும் கெடுதல் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அடுத்த சம்பந்தத்தின்போது சொல்வதா, மறைப்பதா? சொல்லுங்கள் என்பது என் அபிப்பிராயம், அதற்கு மேல் அதில் அறிவியல் எதுவும் இல்லை. பெண் பார்க்க வருவதற்கு முன்பே, அவர்கள் மதிக்கும் ஒருவர் மூலம், அப்பாவின் சிகிச்சை முடிந்ததற்கான சான்றோடு சொல்லுங்கள். சொன்ன இடத்தில் நடந்த கல்யாணங்களும் உண்டு, நின்றவையும் உண்டு. மறைத்து நடந்து பிறகு தெரியவந்த வீடுகளில் பெண் பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன். தரகரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள், அவர் சொன்னேன் என்பார், சொல்லியிருக்க மாட்டார்.

இந்த ஊரைவிட்டே போய்விடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டவர்கள் பலர் இருப்பதால் சொல்கிறேன். போனவர்களில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. ஆனால் மறைக்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனவர்களுக்குப் புதிய ஊரும் கொஞ்ச நாளில் பழைய ஊராகிவிட்டது.

தேமலுக்கு வருகிறேன். எல்லா வெளிறிய தேமலும் தொழுநோய் அல்ல. பூஞ்சையால் வருவது உண்டு, சத்துக் குறைவால் வருவது உண்டு. தொழுநோய்த் தேமல் பொதுவாக அரிக்காது, அங்கே உணர்ச்சி மங்கியிருக்கும். பஞ்சால் தொட்டு வீட்டிலேயே பார்த்துவிட்டு ‘எனக்குத் தெரிகிறது, அதனால் இல்லை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். தொடக்கத்தில் உணர்ச்சி ஓரளவு இருக்கவும் கூடும். வீட்டில் ஒருவருக்கு இருந்ததால் உங்களுக்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம், ஆகவே நீங்களும் தங்கையும் அம்மாவும் மூன்று பேருமே காட்ட வேண்டும். திருவனந்தபுரம் போவதில் தவறில்லை, போவதானால் இந்த வாரமே போங்கள். ஆனால் எல்லை தாண்டிச் சிகிச்சை எடுத்தவர்கள் மாதா மாதம் போக முடியாமல் நடுவில் விட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். உங்கள் ஊர் நிலையம் வேண்டாம் என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குப் போகலாம். அங்கே வரிசையில் நிற்பவர்களில் படையும் சொறியும் உள்ளவர்கள்தான் அதிகம், யாரும் உங்களைப் பிரித்துப் பார்க்க முடியாது. டாக்டரிடம் அப்பாவின் விவரத்தை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். இளம் டாக்டர்கள் இந்த நோயை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள், நீங்கள் சொன்னால்தான் நரம்பைத் தடவிப் பார்ப்பார்கள். சுண்டுவிரலில் மரத்துப்போதலோ, பொத்தான் போடுவதில் தடுமாற்றமோ இருந்தால் நாளைக்கே போக வேண்டும்.

போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் வருகிறார்கள். அவருக்குச் சான்றிதழ் கிடைக்குமா என்று நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரிக்கலாம். இரண்டு கண்ணும் முழுவதும் மூடுகின்றனவா, பாதத்தில் காய்ப்போ வெடிப்போ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நோய் போனபின்னும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை இவை. அதற்கு முன் இன்று இரவே நீங்கள் ஒன்று செய்யலாம். அவர் இடது கையைப் பிடித்து, மடங்கிய இரண்டு விரல்களையும் உங்கள் விரலால் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். முழுவதும் நிமிர்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று இங்கே எழுதுங்கள். நிமிர்ந்தால் அறுவை சிகிச்சைக்கு இன்னும் வழி இருக்கிறது, யாரைப் போய்க் கேட்பது என்று சொல்கிறேன்.